எண்ணிக்கை நாளுக்கு மறுநாள் உங்களுக்கு என்ன வேலை?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 23. பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒன்றரை வருடமாக எக்செல் வேலை பார்க்கிறேன். சம்பளம் 17 ஆயிரம். போன மாதம் விளையாட்டாக ஒரு விண்ணப்பம் போட்டேன். சென்னையில் ஒரு செய்தி நிறுவனத்தின் தேர்தல் தரவுப் பிரிவில் ஆறு மாத ஒப்பந்த வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 24 ஆயிரம் தருவார்களாம். நான் இதழியல் படிக்கவில்லை, பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் தெரியாது. அப்பா தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். "ஆறு மாசத்துக்காக இருக்கிற வேலையை விடுவியா? கட்சிக்காரங்க வம்பு வேற" என்கிறார். அம்மா குரூப் 4-க்குப் படிக்கச் சொல்கிறார். இது உண்மையிலேயே பத்திரிகையாளர் வேலையா, இல்லை வெறும் டேட்டா என்ட்ரியா? அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். போகலாமா? (பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்)

பதில்:

போகலாம். ஆனால் இரண்டு விஷயங்களை அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். அவை என்ன என்று சொல்வதற்கு முன், அந்த வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். நீங்கள் பயப்படும் விஷயங்கள் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லாதவை. பயப்பட வேண்டிய ஒன்று உங்கள் கடிதத்திலேயே இல்லை.

டேட்டா என்ட்ரியா என்றால், பாதி அதுதான். தேர்தல் முடிவு என்று நாம் டிவியில் பார்ப்பது தொகுதிக்கு ஒரு வரி. அதற்குப் பின்னால் படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது. எந்த வாக்குச்சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு, நோட்டாவுக்கு எத்தனை என்று சாவடி வாரியாக எழுதிய பட்டியல். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கும். பல தொகுதிகளுக்கு அது ஸ்கேன் எடுத்த தாள்தான். கோணலாக இருக்கும், ஓரத்தில் ஒரு பத்தி வெட்டுப்பட்டிருக்கும், மென்பொருளில் போட்டு எடுத்தால் 3 எல்லாம் 8 ஆகியிருக்கும். அதை ஸ்பிரெட்ஷீட்டுக்குக் கொண்டுவந்து, நெடுக்கிலும் குறுக்கிலும் கூட்டிப் பார்த்து, கடைசி வரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் சில வாரங்கள் உங்களுக்கு இதைத்தான் கொடுப்பார்கள். சலிப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் கூட்டல் ஒத்துப்போகாத நேரம் வரும். உங்கள் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மக்களவைத் தேர்தலில் ஆறு சட்டமன்றப் பகுதிகளின் சாவடி ஓட்டுகளை எல்லாம் கூட்டினாலும் வேட்பாளரின் மொத்த ஓட்டு வராது. ஏனென்றால் தபால் ஓட்டு எந்தச் சாவடியிலும் இல்லை, தனியாக எண்ணித் தனி வரியில் சேர்ப்பார்கள். இது தெரியாதவர் 'ஓட்டு காணவில்லை' என்று செய்தி போட்டுவிடுவார். 2021-ல் கிருஷ்ணகிரித் தொகுதியில் அ.தி.மு.க. ஜெயித்தது 794 ஓட்டு வித்தியாசத்தில். அந்த மாதிரித் தொகுதியில் ஒருபக்கமாக விழுந்த இரண்டு மூன்று சாவடிகளின் வரி விட்டுப்போனால், உங்கள் தாளில் ஜெயித்தவர் தோற்றுவிடுவார்.

உங்கள் அப்பா மண்டியில் கணக்கு எழுதுகிறவர். காலையில் ஏலத்தில் கூவிய விலைக்கும், கழிவும் கூலியும் கமிஷனும் போக சீட்டில் எழுதும் தொகைக்கும் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும். தேர்தல் எண்களும் அப்படித்தான். 2024 ஏப்ரல் 19 அன்று மாலை, தமிழ்நாட்டில் 72.09 சதவீதம் வாக்குப்பதிவு என்று அறிவித்தார்கள். அதற்கு அப்புறம் அது 69.46 ஆனது. இறுதியாக நின்றது 69.72. யாரும் பொய் சொல்லவில்லை. மாலையில் வந்தது மதிப்பீடு, பிறகு வந்தது கணக்கு. ஆனால் மாலை எண்ணை வைத்து 'வாக்குப்பதிவு உயர்வு' என்று எழுதியவர்கள் மறுநாள் என்ன செய்வார்கள்? ஓர் எண் கையில் வந்ததும் இது கூவிய எண்ணா, சீட்டு எண்ணா என்று கேட்கிற பழக்கம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இதழியல் பட்டம் இல்லையே என்று வருத்தப்படாதீர்கள்.

எண்ணிக்கை நாளிலும் இதே கதைதான். 2024-ல் தருமபுரியில் ஆரம்ப ரவுண்டுகளில் பா.ம.க.வின் சௌமியா அன்புமணி முன்னிலையில் இருந்தார். ஊரே முடிவு பண்ணிவிட்டது. கடைசியில் தி.மு.க.வின் ஆ.மணி சுமார் 21 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு சட்டமன்றப் பகுதிக்கு வழக்கமாக 14 மேஜை போடுவார்கள், சாவடிகளை வரிசை எண்படி எடுத்து எண்ணுவார்கள். வரிசை எண்ணில் அடுத்தடுத்து வருவது பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்கள். ஆக, முதல் இரண்டு மூன்று ரவுண்டு என்பது தொகுதியின் ஒரு மூலைதான். எந்த மூலை எப்போது எண்ணப்படும் என்று முன்கூட்டியே தாளில் குறித்து வைத்திருப்பவர் அன்று பதறமாட்டார். டெஸ்க்கில் மற்றவர்கள் 'லீடிங், லீடிங்' என்று கத்திக்கொண்டிருக்கும்போது, "இன்னும் அந்தப் பக்கம் எண்ணவில்லை சார்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பாலக்கோட்டுக்காரரான உங்களால் அதைச் சொல்ல முடியும்.

ஊர் தெரிந்தவர் என்பதற்கு இந்தத் துறையில் உள்ள மதிப்பு சென்னையில் பலருக்கே புரியவில்லை. தருமபுரி மக்களவைத் தொகுதியில் மேட்டூரும் உண்டு. ஆனால் மேட்டூர் சேலம் மாவட்டம். மாவட்டத் தரவையும் தொகுதித் தரவையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கும் ஆள் வருடா வருடம் ஒருவராவது வருவார். 2008 தொகுதி மறுவரையறையில் காவேரிப்பட்டணம், மொரப்பூர் தொகுதிகள் போய், வேப்பனஹள்ளியும் பாப்பிரெட்டிப்பட்டியும் வந்தன. பெயர் மாறாத தொகுதிகளிலும் எல்லை மாறியது. '1996 முதல் இன்று வரை' என்று ஒரே கோடு இழுக்கும் வரைபடத்தைப் பார்த்தால் முதலில் சந்தேகப்படுங்கள். சாவடி எண்களும் அப்படியே. 2021-ல் 112-ஆம் எண் சாவடி 2024-லும் அதே பள்ளிக்கூடமாக இருக்கும் என்று நம்பக் கூடாது. பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்து ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். இந்த வேலையை உள்ளூர்க்காரர் ஒரு நாளில் முடிப்பார், வெளியூர்க்காரர் ஒரு வாரம் திணறுவார்.

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குக் கழுதை மேல் வாக்கு இயந்திரம் போகும் படம் தேர்தலுக்குத் தேர்தல் எல்லாப் பத்திரிகையிலும் வரும். நல்ல படம்தான். ஆனால் அந்தச் சாவடியில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள், பத்து வருடத்தில் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. கழுதையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நீங்கள் தாளைப் பாருங்கள்.

வாக்குப்பதிவு சதவீதத்தைப் பற்றி இன்னும் ஒன்று. நம் பக்கம் அது எப்போதும் அதிகம். 2021-ல் மாநிலத்திலேயே அதிகம் பதிவானது உங்கள் பாலக்கோட்டில், 87 சதவீதத்துக்கு மேல். 2024-ல் மக்களவைத் தொகுதிகளில் தருமபுரி முதலிடம், 81 சதவீதத்துக்கு மேல். ஓட்டுக்கு முதல்நாள் ராத்திரி பெங்களூரிலிருந்து வரும் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் சதவீதம் என்பது இரண்டு எண்களால் ஆனது. மேலே இருப்பது ஓட்டுப் போட்டவர்கள், கீழே இருப்பது பட்டியலில் உள்ளவர்கள். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு 2025 டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டியலில் 2,50,000 பேர், ஓட்டுப் போட்டவர்கள் 2,00,000 என்றால் 80 சதவீதம். பட்டியலிலிருந்து 20,000 பெயர் போய், அதே 2,00,000 பேர் ஓட்டுப் போட்டால் ஏறக்குறைய 87 சதவீதம். கூடுதலாக ஒருவர்கூட வரவில்லை. ஆனால் 'வரலாறு காணாத வாக்குப்பதிவு' என்று தலைப்பு வந்துவிடும். இந்தத் திருத்தத்துக்குப் பிறகு வரும் எந்த எண்ணையும் 2021-ஓடு ஒப்பிடும்போது, சதவீதத்தோடு தலைக்கணக்கையும் பக்கத்தில் போடச் சொல்லிச் சண்டை போடுங்கள். போன பெயர்களில் இறந்தவர் எத்தனை, பிழைப்புக்கு வெளியூர் போனவர் எத்தனை என்பது தனிக் கேள்வி. நம் மாவட்டத்தில் அதுதான் பெரிய கேள்வியும்கூட.

பைத்தான் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தால் நல்லது, தெரியாமல் சேர்வதில் கேவலம் இல்லை. வேலையில் இருந்துகொண்டே மூன்று நான்கு மாதத்தில் தேவையான அளவு வந்துவிடும். 2024 மார்ச்சில், கட்சிகளுக்கு நன்கொடை தர வாங்கப்பட்ட தேர்தல் பத்திரங்களின் விவரங்களைத் தேர்தல் ஆணையம் வெளியிட்டபோது, வாங்கியவர்கள் ஒரு பட்டியல், பணமாக்கிய கட்சிகள் ஒரு பட்டியல், இரண்டுக்கும் ஒட்டு இல்லாமல் இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பத்திர எண்களோடு வந்ததும் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஒட்டிப் பார்க்க முடிந்தது. நாட்டையே பேச வைத்த அந்த வேலையின் அடிப்படை, ஓசூரில் நீங்கள் தினமும் எக்செல்லில் இரண்டு பட்டியல்களை ஒட்டப் போடுகிற வி-லுக்அப்தான்.

சரி, பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

நீங்கள் தருமபுரி என்று தெரிந்ததும், சேர்ந்த முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் வந்து கேட்பார்: "அந்த நாற்பது பூத்தும் அந்தச் சமூகம்தானேம்மா, ஓட்டு எங்க போச்சுன்னு ஒரு ஸ்டோரி போடலாமா?" உங்களால் போட முடியும். எந்த ஊர் யாருடைய ஊர், எது காலனி, எது கொட்டாய் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வாக்காளர் பட்டியலிலும் சாதி இல்லை, படிவம் 20-லும் இல்லை. ஊர்ப்பெயரை வைத்துச் சாதியை ஊகித்து, சாவடி மொத்தத்தை வைத்து அந்தச் சாதி எப்படிப் போட்டது என்று ஊகிப்பது, ஊகத்தின் மேல் ஊகம். ஒரு சாவடியில் ஆயிரம் பேர் இருப்பார்கள், பல தெரு இருக்கும். மொத்தத்தைப் பார்த்து இன்னார் இப்படிப் போட்டார் என்று சொல்லக் கணக்கில் வழியே இல்லை. கணிதம் படித்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதைவிடக் கவலையானது, ஊகம் சரியாகவே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் வழி இருந்தது. இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடியும் தனித்தனியாகத் தெரிகிறது. இதனால் ஊர்கள் பழிவாங்கப்படலாம் என்றுதான் பல இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது. 2015-ல் சட்ட ஆணையமும் ஆதரித்தது. இன்று வரை நடைமுறைக்கு வரவில்லை. 2012 நவம்பரில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் காலனிகள் எரிக்கப்பட்ட மாவட்டம் நம்முடையது. ஒரு சிறிய காலனியின் சாவடியைப் பெயர் சொல்லி 'இவர்கள் இன்னாருக்குப் போடவில்லை' என்று வண்ண வரைபடம் போட்டால், சென்னையில் அது ஒரு கிராஃபிக்ஸ். இங்கே தண்ணீர் டேங்கர் வருமா வராதா என்பது வரை போகும்.

அதற்காகச் சாவடித் தரவையே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒன்றியம் வாரியாகச் சேர்த்துக் காட்டலாம். தனிச் சாவடியைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் ஒரு முறை நேரில் போய்வர வேண்டும். ஒரு சாவடியில் 95 சதவீதம் பதிவாகியிருந்தால், ஊர் ஒற்றுமையாக வந்திருக்கலாம், பட்டியலைச் சரியாகத் திருத்தியிருக்கலாம், கள்ள ஓட்டாகவும் இருக்கலாம். 2019 மக்களவைத் தேர்தலில் பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியில் 8 சாவடிகளுக்கு மறுவாக்குப்பதிவே நடந்தது. எண்ணைப் பார்த்தால் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று தெரியும். அங்கே என்ன நடந்தது என்பதை ஊரில் நாலு பேரிடம் பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா சொல்லும் வம்பு வேறு மாதிரி வரும். தரவுப் பிரிவில் இருப்பவரைத் தேடிக் கட்சிக்காரர் வீட்டுக்கு வருவதெல்லாம் அரிது. ஆபத்து ஒரு தவறான வரியில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில், நாடறிந்த தேர்தல் ஆய்வாளர் ஒருவர் மகாராஷ்டிரத் தொகுதிகள் சிலவற்றின் வாக்காளர் எண்ணிக்கை பற்றி ஒரு பதிவு போட்டார். இரண்டு தேர்தல்களின் தரவை ஒப்பிடும்போது வரிசை தவறிவிட்டது. பதிவை அழித்து வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். ஆனால் அதற்குள் அரசியல் சண்டையாகி, போலீஸ் வழக்கு வரை போய், உச்ச நீதிமன்றம் தடை கொடுக்க வேண்டியதாயிற்று. அனுபவசாலிக்கே இப்படி. அப்புறம் கருத்துக்கணிப்பு. வாக்குப்பதிவு முடியும் முன் வாக்குக்குப் பிந்தைய கணிப்பை வெளியிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. "சும்மா ஒரு ஸ்டேட்டஸ் போட்டேன்" என்பது பதில் ஆகாது.

ஆகவே நான் சொன்ன இரண்டில் முதலாவது இது: நான் போடும் எண்ணை வெளியாகும் முன் யார் இன்னொரு முறை சரிபார்ப்பார்? வழக்கு என்று வந்தால் நிறுவனம் நிற்குமா, நான் தனியாக நிற்க வேண்டுமா? 'எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்' என்று பதில் வந்தால், யாரும் பார்ப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளின் பெயரோ பதவியோ வர வேண்டும்.

இரண்டாவது, எண்ணிக்கை நாளுக்குப் பிறகு எனக்கு என்ன வேலை? தேர்தல் பிரிவுகள் பலவும் முடிவு வந்த வாரமே கலைந்துவிடும். ஆறு மாதத்தில் நாலு மாதம் வேகவேகமாக வரைபடம் போட்டுவிட்டு, கடைசி இரண்டு மாதம் வாட்ஸ்அப் கார்டு செய்துகொண்டிருந்தால் நீங்கள் கற்றுக்கொள்வது குறைவு. உண்மையில் நல்ல செய்திகள் முடிவுக்குப் பிறகுதான் வருகின்றன. சாவடி வாரிப் படிவங்கள் அப்போதுதான் கைக்கு வரும். அந்த நேரத்தில் உங்கள் மேஜை இருக்க வேண்டும். குறைந்தது ஒரு கட்டுரையாவது உங்கள் பெயரோடு, உங்கள் மாவட்டத்தைப் பற்றி வர வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். அடுத்த வேலைக்கு நீங்கள் காட்டப்போவது அதைத்தான், அனுபவச் சான்றிதழை அல்ல.

ஆறு மாதத்துக்கு அப்புறம் ஒன்றும் இல்லாமல் போய்விடாது. ஊரக உள்ளாட்சித் தேர்தல் இங்கே கடைசியாக 2019 டிசம்பரில் நடந்தது. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதன் தரவு வடிவமே வேறு. வார்டு அளவில் அதை ஒழுங்காகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதைத் தொடர்ந்து தொகுதி மறுவரையறை என்று அடுத்த பல வருடங்களுக்கு எண்ணும் வரைபடமும் தெரிந்த ஆட்களுக்கு வேலை இருக்கிறது.

அம்மாவிடம், குரூப் 4 எங்கும் ஓடிப்போகாது என்று சொல்லுங்கள். 23 வயதில் வயது வரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பணம்தான் கொஞ்சம் கடிக்கும். 24 ஆயிரத்தில் விடுதியும் சாப்பாடும் போக, ஓசூரில் கையில் நின்றதைவிடக் குறைவாகத்தான் நிற்கும். முதல் மாதம் வீட்டிலிருந்தே செய்யலாமா, வாக்குப்பதிவு நாளிலும் எண்ணிக்கை நாளிலும் ராத்திரி வேலை முடிந்தால் வண்டி ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று யோசிக்காதீர்கள். கேட்காதவரைத்தான் இந்தத் தொழிலில் சந்தேகமாகப் பார்ப்போம்.

இரண்டு கேள்விகளையும் நாளைக்கே மெயிலில் அனுப்புங்கள். முதல் கேள்விக்கு ஒழுங்கான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாவதற்குப் பதில் சுமாராக இருந்தாலும் போகலாம். ஓசூர்க் கம்பெனியில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று பணி ஆணையை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கைக்கு வரும் வரை அங்கே ராஜினாமா கொடுக்காதீர்கள். போனில் "வந்துடுங்க" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் சரி.